உண்பதற்கென எழுந்த வீடு

வீடு கட்டுவோர் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்தல் வேண்டுமென்றே கட்டுவர். உண்டு முடிப்பதற்கென்றே வீடு கட்டுவோரும் உளர். ஜேர்மனியிலே நத்தார்க் காலத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் மேசையைச் சூழ்ந்திருந்து, மாவினாலும் தேனினாலும் ஒரு சிறு வீட்டை எழுப்புவர். ஆங்கிலேயர் இதனை 'ஜிஞ்சர் பிரெட்' வீடு என்பர். ஜேர்மனியர் 'லெப்கூகன்' வீடு என்பர்.

லெப்கூகன் என்பது தேனும் வாசனைச் சரக்குகளும் சேர்ந்த பணியாரம். இதற்குப் பேர்பெற்ற நகர் நூரெம்பேர்க். அதனைச் சூழ்ந்த காட்டிலே தேனெடுப்போர் வாழ்ந்தனர். கீழைத்தேசச் சரக்குகள் வணிகர் வழியே அந்நகரை அடைந்தன. 1643ஆம் ஆண்டில் இப்பணியாரம் சுடுவோர் அங்கே தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். இதிற் சேரும் கறுவாவும் கராம்பும் ஏலமும் நம் அடுக்களையில் மணப்பவையே. கறுவாவோ நமது தீவு உலகுக்கு அளித்த செல்வம். ஆதலின் அவ்வீட்டின் மணம் நமக்கு முற்றும் அந்நியமன்று.

கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுதியில், ஹான்சல், கிரேட்டல் என்னும் இரு பிள்ளைகளின் கதை உண்டு. வறுமையினாற் காட்டிலே விடப்பட்ட அண்ணனும் தங்கையும் பசியோடு அலைந்து ஒரு வீட்டைக் காண்கின்றனர். அதன் சுவர் பாண், கூரை பணியாரம், சாளரம் சீனி. பசித்த குழந்தை வேறெந்த வீட்டைக் கனவு காணும்? ஆனால், உள்ளே இருந்தவளோ பிள்ளைகளை உண்ணும் சூனியக்காரி. இக்கதை பரவிய பின்னரே இத்தகைய வீடுகள் செய்யும் வழக்கம் பெருகிற்று என்பர். ஹும்பர்டிங் இதனை இசைநாடகமாக்கினார். அது 1893 டிசெம்பர் 23இல் வைமர் நகரில் அரங்கேறிற்று.

வீடு நிமிர்ந்து நிற்கச் சில நுட்பங்கள் உண்டு. மாவைப் பொங்கச் செய்யும் சோடாவை மிகுதியாகச் சேர்த்தலாகாது. சேர்த்தால் போறணையில் துண்டுகள் பரந்து அளவு கெடும். கடுதாசி மாதிரியை வைத்துச் சுவர்களையும் கூரையையும் வெட்டிச் சுட்டு, சூடு தணியுமுன் ஓரங்களை நேராக்கி, நன்கு ஆறவிடுதல் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவும் சீனித்தூளும் சேர்த்தடித்த ஐசிங்கே சாந்து. உலர்ந்ததும் அது சுண்ணச் சாந்துபோல் இறுகும். சுவர்கள் இறுகச் சில மணி நேரம் பொறுத்த பின்னரே கூரையை ஏற்றலாம். அவசரப்பட்டாற் பாரந் தாங்காது சுவர் சரியும். சாளரத் துளையிற் கண்ணாடி இனிப்பைப் பொடித்திட்டுச் சூடாக்கினால், அது உருகிக் கண்ணாடியாகவே அமையும். வண்ண இனிப்புகளை ஒட்டும் உரிமை பிள்ளைகளுடையது. தேனும் சீனியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலின், நமது மார்கழி மழையில் இவ்வீடு விரைவில் இளகிவிடும்.

வகுப்பிலே இதனை நாம் கூறியபோது, "இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை உடைக்க மனம் வருமா?" என்று ஒரு மாணவன் வினவினான். நோர்வே நாட்டின் பேர்கன் நகரையே நாம் விடையாகக் கூறினோம். அங்கே 1991 முதலாகப் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தினரும் செய்த வீடுகளை ஒருங்கு வைத்து, ஆண்டுதோறும் ஒரு நகரத்தையே அமைக்கின்றனர். 2009 நவம்பரில் ஓரிரவு அது நாசமாக்கப்பட்டது. ஊரார் சோர்ந்துவிடவில்லை, மீண்டும் மாப் பிசைந்தனர். நத்தாருக்கு முன்னரே நகர் மறுபடி எழுந்தது.

பகைமையால் உடைவது வேறு. பகிர்வதற்காக உடைப்பது வேறு. காலையில் இட்ட கோலம் மாலையில் அழியுமென அறிந்தும் நம் பெண்கள் மறுநாளும் இடுகின்றனர் அன்றோ? கூடியிருந்து கட்டிய கைகள் இருக்குமாயின் வீடு மீண்டும் எழும். கதையிலே பசித்த பிள்ளைகளைப் பிடிக்கும் பொறியாக இருந்த வீடு, இன்று பிள்ளைகளுக்கு விருந்தாக நிற்கின்றது.