கூரையில் சூரியன் இருந்தால் மட்டும் போதுமா?

இருட்டு எமது மக்களுக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். இன்று அதே ஊர்களில் கூரைகளின் மேல் சோலார் தகடுகள் தெரிகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டபின், "எங்கள் வீட்டிலும் ஒன்று பூட்டினால் என்ன?" என்று பலரும் கேட்கத் தொடங்கினர்.

நல்ல கேள்விதான். ஆனால் கடன்பட முன்னர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். சோலாரில் இரண்டு வகை உண்டு.

முதலாவது, மின்சார சபையின் கம்பியோடு இணைக்கப்படுவது. பகலில் உண்டாகும் மின்சாரத்தில் வீட்டுத் தேவை போக மிச்சம் கம்பிக்குச் செல்லும். அது கணக்கில் சேர்க்கப்படும். இம்முறை இலங்கையில் 2010இல் தொடங்கி, 2016இன் பின் பரவியது. மின்கட்டணத்தைக் குறைக்க இது உதவும். ஆனால், கம்பியில் மின்சாரம் நின்றால் இதுவும் தானாகவே நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்பவரை எமது வீட்டு மின்சாரம் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, வெயில் எறித்தும் பற்றரி இல்லாத சோலார் வீடுகளுக்குப் பயன் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பற்றரியோடு தனித்து இயங்குவது. 1997இன் பின் உலக வங்கியின் கடனுதவித் திட்டங்களின்கீழ் இலங்கையின் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கிராமிய வீடுகள் பெற்றது இவ்வகையையே. 50 வாற் தகடு ஒன்று நல்ல வெயிலில், இழப்புப் போக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 வாற்-மணி தரும். 5 வாற் எல்ஈடி மின்குமிழ்கள் மூன்றை ஐந்து மணித்தியாலம் எரிக்க 75 போதும். மிச்சத்தில் கைத்தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம், வானொலியும் கேட்கலாம். 50 வாற் மின்விசிறியோ மூன்று மணித்தியாலத்தில் அவ்வளவையும் குடித்துவிடும்.

காணி உறுதி கைக்கு வராதவர்களும், மீண்டும் இடம்மாற வேண்டிவரலாம் என்றிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிறிய தொகுதியைக் கழற்றி உடன் கொண்டுபோகலாம். ஓலைக் கூரை பாரம் தாங்காவிட்டால் முற்றத்தில் கம்பம் நட்டுப் பொருத்தலாம். கம்பியோடு இணைந்ததோ அந்த வீட்டோடும் மின் கணக்கோடும் கட்டுப்பட்டது.

பராமரிப்பும் வேண்டும். தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள். அதன் ஒரு மூலையில் தென்னோலையின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் பெருமளவு குறையும். தூசியையும் பறவை எச்சத்தையும் விடியற்காலையில் கழுவுங்கள்; சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் ஊற்ற வேண்டாம். ஈயப் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறங்க விட்டால் அதன் ஆயுள் குறையும். தண்ணீர் விடும் பற்றரியாயின் பற்றரித் தண்ணீரையே விடுங்கள். கிணற்று நீர் கூடவே கூடாது.

ஆகவே, விற்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மின்வெட்டு நேரத்தில் இது எரியுமா? மாரியில் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் தாங்குமா? பற்றரி பழுதானால் புதியதற்கு எவ்வளவு செலவாகும்? மறுமொழிகளை எழுத்தில் வாங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். வெயில் இலவசமாகக் கிடைக்கிறது, கடன் அப்படியன்று.