நிகழ்வு நோக்கி (விண்டோஸ்)

நிகழ்வு நோக்கி அல்லது ஈவன்ட் வியூவர் என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவுகளைப் பார்வையிட உதவும் மென்பொருள் ஆகும். தன் கணினியின் பதிவுகளை மட்டுமன்றி, வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியின் பதிவுகளையும் இதன்மூலம் பார்க்கலாம். வழங்கிகள் பெரும்பாலும் பூட்டிய அறைகளிலோ வேறு ஊர்களிலோ இருப்பதால், கணினி நிர்வாகிகளுக்கு இவ்வசதி மிகவும் பயனுள்ளதாகும்.

வரலாறு

1993 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 பதிப்பிலேயே நிகழ்வுப் பதிவு வசதி இடம்பெற்றிருந்தது. பின்னர் விண்டோஸ் விஸ்டாவில் நிகழ்வு நோக்கி புதிதாக எழுதப்பட்டது. அதுமுதல் ஒவ்வொரு நிகழ்வின் விபரங்களையும் எக்ஸ்எம்எல் வடிவிலும் காணலாம்.

பதிவு வகைகள்

முதன்மையான பதிவுகள் மூன்று ஆகும்.

* பயன்பாட்டுப் பதிவு: மென்பொருட்கள் எழுதும் நிகழ்வுகள்.
* பாதுகாப்புப் பதிவு: கணினியில் நுழைதல், நுழைவு மறுக்கப்படுதல் போன்றவை.
* முறைமைப் பதிவு: இயங்குதளத்தின் கூறுகளும் சாதன இயக்கிகளும் எழுதுபவை.

ஒவ்வொரு நிகழ்விற்கும் நேரம், மூலம், நிலை, அடையாள எண் ஆகியன உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு மென்பொருள் திடீரென நின்றுவிட்டால் பயன்பாட்டுப் பதிவில் பொதுவாக 1000 என்ற எண்ணுடன் பிழை பதிவாகும். எந்த மென்பொருளின் எந்தக் கூறில் பிழை நேர்ந்தது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

தொலைவிலிருந்து பார்த்தல்

நிகழ்வு நோக்கியில் வேறொரு கணினியுடன் இணைவதற்கான கட்டளையைத் தெரிவு செய்து, அக்கணினியின் பெயரைக் கொடுக்க வேண்டும். இதற்கு இரண்டு முன்தேவைகள் உள்ளன. முதலாவது, அக்கணினியின் தீச்சுவர் தொலைநிலைப் பதிவு மேலாண்மையை அனுமதிக்க வேண்டும். இரண்டாவது, இணைபவர் அக்கணினியின் நிர்வாகியாகவோ பதிவு வாசிப்போர் குழுவின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

நிகழ்வின் நேரம் உலக ஒருங்கிணைந்த நேரத்தில் சேமிக்கப்பட்டு, பார்ப்பவரின் கணினி நேரத்திற்கு மாற்றிக் காட்டப்படுகின்றது. எனவே இலண்டனில் குளிர்காலத்தில் காலை 10 மணிக்கு நேர்ந்த பிழை, சிங்கப்பூரில் பார்ப்பவருக்கு மாலை 6 மணி என்றே தெரியும்.

பதிவில் அடையாள எண்ணும் மாறும் விபரங்களுமே சேமிக்கப்படுகின்றன. விளக்க வாக்கியம் அந்தந்த மென்பொருளின் தனிக் கோப்பில் உள்ளது. அக்கோப்பு கிடைக்காதபோது விளக்கம் காணப்படவில்லை என்ற செய்தியே தோன்றும்.

பாதுகாப்பு

நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிய ஊடுருவி ஒருவர் பதிவுகளை அழித்துத் தடயத்தை மறைக்க முயலலாம். பாதுகாப்புப் பதிவு அழிக்கப்பட்டால் அச்செயலே 1102 என்ற எண்ணுடன் பதிவாகும். ஆயினும் அழிந்த விபரங்கள் மீளா. இதனால் நிகழ்வுகளை உடனுக்குடன் தனியொரு சேகரிப்புக் கணினிக்கு அனுப்பி வைக்கும் முறை பரிந்துரைக்கப்படுகின்றது. ஏற்கெனவே அனுப்பப்பட்ட படிகள், மூலப் பதிவு அழிந்தாலும் அங்கே எஞ்சியிருக்கும்.

தவறான பயன்பாடு

தொழில்நுட்ப உதவியாளர் எனக் கூறித் தொலைபேசியில் அழைக்கும் மோசடிக்காரர்கள், நிகழ்வு நோக்கியைத் திறக்கச் சொல்லி, அதிலுள்ள பிழைகளை நச்சுநிரலின் அடையாளமாகக் காட்டிப் பணம் பறிப்பதுண்டு. நன்கு இயங்கும் கணினியிலும் பிழைகளும் எச்சரிக்கைகளும் பதிவாவது இயல்பே ஆகும்.