தடை இல்லை, மாத்திரையும் இல்லை

பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் கருத்தரிப்பதைத் தவிர்க்க உண்ணப்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் அவசரகாலக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இல் அனுமதித்தது. 2007-இல் ஐ-பில் என்ற பெயரில் அது நாடெங்கும் விளம்பரமாயிற்று. ஆயினும் அந்த விளம்பரங்களுக்கு எழுந்த எதிர்ப்பும், அதையொட்டி வந்த கெடுபிடியும் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளை அஞ்சவைத்ததால், தடை ஏதும் இல்லை என்று அரசுத் தரப்பு கூறிய பின்னும், பல கடைகள் அதை வாங்கி வைப்பதில்லை. கோவைக்கும் வாளையாற்றுக்கு அப்பாலுள்ள பாலக்காட்டுக்கும் ஒரே மத்திய மருந்துச் சட்டமே பொருந்தும் என்றாலும், கொங்கு வட்டாரத்து மெடிக்கல்ஸில் தயங்கித் தயங்கிக் கேட்கும் பெண்ணுக்கு ‘ஸ்டாக் இல்லீங்க’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

அந்தப் பதிலால் வீணாவது நேரம்; இம்மருந்தின் பலனோ நேரத்தைப் பொறுத்தது. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை என்பதால், முட்டை வெளிவந்த பின் உண்டால் பயன் மிகக் குறைவு. 72 மணி நேரத்திற்குள், அதிலும் எவ்வளவு முந்தி உண்ணப்படுகிறதோ அவ்வளவு நல்லது. கருப்பையில் ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைப்பதில்லை; ஆகவே இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று கருதி ஒதுக்குவது அறிவியலுக்குப் புறம்பானது. உண்ட 2 மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரிடம் இதன் வீரியம் குறையும். அவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

மாத்திரையைவிட உறுதியான வழி காப்பர்-டி எனப்படும் செம்புச் சாதனம். உறவுக்குப் பின் 5 நாள்களுக்குள் பயிற்சி பெற்றவரால் கருப்பையில் பொருத்தப்பட்டால், அது இம்முறை கருத்தரிப்பைத் தடுப்பதோடு பல ஆண்டுகள் தொடர்ந்து கருத்தடையாகவும் நிற்கும். இதுவும் ஈஸி பில் என்ற அவசர மாத்திரையும் அரசின் குடும்பநலத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படுபவை. மருந்துக்கடையில் மறுக்கப்பட்டவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேட்கலாம்.

கர்ப்பத்தைத் தடுக்கும் இவ்விரண்டும் பால்வினை நோயைத் தடுப்பதில்லை என்பது பலருக்கும் தெரியாது. எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாள் உண்ணவேண்டிய தடுப்பு மருந்து உண்டு. லாரித் தொழிலை நம்பிய நாமக்கல் மாவட்டம் ஒரு காலத்தில் இத்தொற்றால் பட்ட துயரத்தை இப்பகுதி மறந்துவிடலாகாது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும், சுகவாழ்வு மையங்களில் பிற பால்வினை நோய்களுக்கான சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1097 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி கட்டாயம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் இரவுப் பணி முடித்து விடுதி திரும்பும் பெண்ணுக்கு, ஊர் முழுதும் கடை தேடி அலைய நேரமும் துணிவும் எங்கிருந்து வரும்? சட்டம் அனுமதித்த மருந்தை வைத்திருப்பது குற்றமன்று என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர்களும் கேள்வி கேட்காமல் அதைக் கொடுக்க வேண்டும்.