காற்று குடித்த மிச்சம்

செல்போனில் கூடங்குளம் என்று தட்டி வானிலை பார்த்தால் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். தையில் பகல் வெயில் 30 டிகிரியைச் சுற்றி நிற்கும், சித்திரையில் மூன்று நான்கு டிகிரி கூடும், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர் வேறெப்படி இருக்கும்? வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை, ஆகஸ்டு முடிவில் ஒரு தடவை நேர் உச்சிக்கு வந்து போகிறது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெந்துகொண்டிருக்கும்போது இங்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து காப்பாற்றிவிடும். கசகசவென்று வேர்க்கும், ஆனால் தலை சுற்றாது.

கூடங்குளம் என்றாலே அணு உலை பற்றிய கட்டுரையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதை எழுதியவர்கள் நிறையப் பேர். வானத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இந்த ஊரின் தட்பவெப்பத்தை டிகிரியில் அளப்பது வீண்வேலை. காற்றில்தான் அளக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரியில் 1,600 மீட்டருக்கு மேல் எழும்பி நின்றுவிட்டு, தெற்கே ஆரல்வாய்மொழியில் வாய் பிளக்கிறது. தென்மேற்குப் பருவமழை மேகம் மலைக்கு அந்தப் பக்கமே சரக்கை இறக்கிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு அந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து, முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் என்று விசிறியடிக்கிறது. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கிளம்பிப் போகும் அதே நாட்களில் கூடங்குளத்துக்கு வருவது மழை கழித்த காற்று மட்டும். வைகாசிக் கடைசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது.

ஆடி மாதத்து மதியம் ஒன்றில் தெருவுக்குள் நடந்தால் விஷயம் புரியும். மேற்கே பார்த்த ஜன்னல் ஒன்றும் திறந்திருக்காது. தகரக்கூரை மேல் கருங்கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்பார்கள். பீடி சுற்றும் பெண்கள் திண்ணையை விட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். நனைத்து வெட்டிய இலை இந்தக் காற்றில் சீக்கிரமே மொறுமொறுத்து, மடிக்கும்போதே கீறிவிடும். அதனால் இலைக்கட்டை ஈரச்சாக்கில் சுற்றி மடியோரம் வைத்துக்கொள்ள வேண்டும். முறத்திலுள்ள தூளோ ஒரு வீச்சில் கண்ணுக்குள் போய்விடும். கொல்லையில் முருங்கை பூவை உதிர்த்துவிட்டு, கிளை முறிந்து தொங்கும். பனை மட்டும் அசராது. ஏறுகிற மனிதருக்குத்தான் பாடு. கருப்பட்டிக்குப் பதநீர் இறக்கும் பருவத்தின் கடைசி மாதமும் காற்றின் முதல் மாதமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால், மரத்து உச்சியில் ஒரு கையால் பாளையைச் சீவி மறு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

இதே காற்று சிலருக்குப் பொன். 1986இல் தூத்துக்குடி அருகே முதல் காற்றாலைகள் சுழன்ற பிறகு, இந்த வட்டாரத்து வறண்ட நிலத்துக்குக்கூட விலை வந்தது. காற்றாலைக்காரர்கள் ஆனியையும் ஆடியையும் கும்பிடுவதில் நியாயம் இருக்கிறது. கடலோரத்தில் கதை வேறு. இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று எங்கும் ஃபைபர் படகுகள் கரையேறிக் கிடக்கும். அதற்கு முன்பே சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் ஒரு சுற்று மிரட்டிவிட்டுப் போயிருக்கும். உள்ளூரில் இலைகூட அசையாத நாளில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எழுந்த அலை வந்து வீட்டு வாசலில் ஏறுகிற சங்கதி அது.

ஆனால் காற்று செய்கிற பெரிய காரியத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அது தண்ணீரைக் குடிக்கிறது. மூன்று நான்கு மாதம் ஓயாமல் வீசும் வறண்ட காற்றும் மேலே உச்சி வெயிலும் சேர்ந்தால் குளத்தில் மிஞ்சியது ஆவியாகப் போகும். இந்த ஊர் வானிலை பற்றி எனக்கிருக்கும் ஒரே கவலை இதுதான். மற்றதெல்லாம் பழகிப்போகும்.

மழை எப்படி வருகிறது என்று பாருங்கள். ‘குமரிக்கடல் பகுதியில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று வானொலியில் கேட்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஐப்பசியும் கார்த்திகையும், ஏன் வருஷமே தொங்குகிறது. கோடையில் இடியோடு இரண்டொரு மழை. மற்றபடி வடகிழக்குப் பருவமழைதான். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 90 சென்டிமீட்டரை ஒட்டியது. இந்தக் கரைக்கு அது எட்டாக்கனி. இதே திருநெல்வேலி மாவட்டத்தில், மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு என்ற எஸ்டேட்களில் 300 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. பெய்கிற கொஞ்சமும் சீராகப் பெய்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கூடங்குளத்திலிருந்து 60 கிலோமீட்டர் போல வடகிழக்கே இருக்கும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழையை ஒரு பொழுதில் தந்தால் எந்தக் குளம் தாங்கும்? பெரும்பகுதி கடலுக்குத்தான்.

அப்படிக் கடலுக்குப் போகிற தண்ணீருக்குப் பதிலாகக் கடல் உள்ளே வருகிறது. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பு அண்டாது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே அதே 40 அடி உப்பு ஏறும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்று ரிக் வண்டியைக் கூப்பிடுபவர் உப்பைத் தேடித்தான் இறங்குகிறார். கடல்நீரைக் குடிநீராக்கலாம், கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்கிறார்கள். குடிக்கச் சரி. முருங்கைக்கும் வாழைக்கும் அந்தத் தண்ணீரை யார் விலை கொடுத்துப் பாய்ச்சுவது?

பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் திசையன்விளை பக்கத்து ஆயன்குளத்தில், தோட்டத்துக் கிணறு ஒன்றில் வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். வினாடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வாரக்கணக்கில் பாய்ந்தும் கிணறு நிரம்பவே இல்லை. அதிசயக் கிணறு என்று பேர் கட்டி, வேன் பிடித்து வந்து பார்த்தது ஜனம். சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வந்து, அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அரித்து அரித்து உண்டான பொந்துகள் என்று சொன்னது. அதிசயம் அத்துடன் முடிந்தது. வேலை அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். ராதாபுரம் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை அங்கே மட்டுமா இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த தென்மேற்குப் பருவமழை, பேச்சிப்பாறை அணையில் தேங்கி, ராதாபுரம் கால்வாய் வழியாக இந்தப் பக்கம் திரும்பி வருகிறது. அதை நம்பி 52 குளங்கள், 17,000 ஏக்கர். ஜூன் நடுவில் திறக்க வேண்டிய தண்ணீர் வழக்கம்போலத் தாமதமாகி, கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஆனி போய்விடும். வந்ததும் வண்டல் ஏறிய குளத்தில் முழங்கால் அளவு நிற்கும். பரப்பு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் காற்று அதை இன்னும் வேகமாகக் காயவைத்துவிடும்.

குளம் தூர்வாரத் தோதான காலமும் இந்தக் காற்றுக் காலம்தான். கால்வாய்த் தண்ணீர் வரும்வரை கடைமடைக் குளங்கள் காய்ந்து கிடக்கும், டிராக்டர் புதையாமல் உள்ளே போய்வரும், வண்டல் மண்ணுக்குத் தோட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். அனுமதிக் காகிதம் மட்டும் புரட்டாசி கடைசியில் வரும். சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளுக்கும் காற்றுக் காலத்திலேயே வேலை செய்ய வேண்டும். மணலில் இறங்குகிற தண்ணீர் வடிகட்டப்பட்டுப் போகும்; பாறைப் பொந்துக்குள் பாய்கிற தண்ணீர் சாக்கடையோ சேறோ, போகிற போக்கில் பக்கத்து ஊர்க் கிணறு வரை போய்விடும். ஆகவே வெள்ளத்தை இழுத்து விடுவதற்கு முன்னால் வண்டல் படியத் தொட்டி கட்டி, கல்லும் மணலும் போட்டு, எந்தக் கிணறு எவ்வளவு இழுக்கும் என்று ஒரு மழையிலாவது அளந்து பார்க்க வேண்டும். ஐப்பசியில் வானம் கறுத்த பிறகு கொத்தனாரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.