5 ரூபாய் நாணயமும் 6,000 ஹெர்ட்ஸும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, என் ஹெட்போனைப் பிரித்துப் போட்டிருந்தேன். பக்கத்தில் கத்தரிக்கோல், தையல் சாமான் கடையில் வாங்கிய ஃபெல்ட் துணி, மருந்துக்கடையில் வாங்கிய மைக்ரோபோர் டேப், ஒரு 5 ரூபாய் நாணயம்.

"நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்துச்சு?" என்றார் மனைவி.

பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாடகி ‘ச’ என்றோ ‘ஸ’ என்றோ வாயெடுத்தால் காதில் ஊசி இறங்கியது. ஜால்ரா தட்டினால் பல் கூசியது. போதாததற்கு, பேஸ் கிட்டாரின் ஒரு சில சுரங்கள் மட்டும் ‘கும்’மென்று வீங்கி, மற்றவற்றை மறைத்தன. புதிதாக ஒன்று வாங்கப் பணமில்லை. ஆகவே கத்தரிக்கோலை எடுத்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் பிடித்ததல்ல. ஹெட்போனைப் பிரித்து, துணியும் பஞ்சும் டேப்பும் வைத்து அதன் குரலைத் திருத்துகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சர்க்யூட் எதையும் இவர்கள் மாற்றுவதில்லை. இவர்கள் கைவைப்பதெல்லாம் காற்றின் மேல்தான்.

முதுகில் எதற்குச் சல்லடை?

ஹெட்போனின் ஒவ்வொரு பக்கத்திலும் டிரைவர் எனப்படும் சிறிய ஒலிபெருக்கி உண்டு. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அவ்வளவுதான். சவ்வு முன்னே வரும்போது காதுப் பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் முதுகுப் பக்கக் காற்று தளர்கிறது. ஆக, ஒவ்வொரு பாட்டும் இரட்டையாகப் பிறக்கிறது. ஒன்று காதுக்கு வருகிறது; இன்னொன்று தலைகீழாகப் பின்பக்கம் போகிறது.

பின்பக்கம் போனதை மூடிய கிண்ணத்துக்குள் அடைத்தால், அது சுவரில் முட்டித் திரும்பி, சவ்வைத் தாண்டிக் காதுக்கே வந்து குழப்பும். கிண்ணத்தின் முதுகில் சல்லடை வைத்துவிட்டால் வெளியே போய்விடும். அதுதான் ஓப்பன் பேக் ஹெட்போன். பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல், கூடத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் விரியும். பஸ்ஸில் மட்டும் போட முடியாது. பக்கத்து இருக்கைக்காரரும் கேட்பார். பஸ் ஹாரன் நமக்கும் கேட்கும்.

இந்த வகையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது ஜெர்மனியின் ஹானோவர் அருகே உள்ள சென்ஹைசர் நிறுவனம். 1968-ல் அது கொண்டுவந்த ஹெச்டி 414-ல் கனத்த கிண்ணமும் இல்லை, இறுக்கமான தோல் மெத்தையும் இல்லை. மஞ்சள் நிற ஃபோம் மட்டும் காதில் லேசாக உட்காரும். ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

ஏழு மீட்டர் அலையும் ஆறு சென்டிமீட்டர் அலையும்

கத்தரிக்கோலைத் தொடுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் கொண்ட ஆழ்ந்த பேஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு.

காதுக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள அறையோ ஒரு சின்னக் கிண்ணி அளவுதான். ஏழு மீட்டர் அலைக்கு அது அறையாகவே தெரியாது. அங்கே சவ்வு சைக்கிள் பம்பு மாதிரி வேலை செய்கிறது: அழுத்துகிறது, இழுக்கிறது. பம்பில் கசிவு இருந்தால் காற்று ஏறாது; ஹெட்போனில் கசிவு இருந்தால் பேஸ் ஏறாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பேஸ் குறைவதற்கு அதன் காம்பு உண்டாக்கும் இடுக்கே காரணம்.

6,000 ஹெர்ட்ஸில் கதை வேறு. அலையின் நீளமும் அறையின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. அலை சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்து சில இடங்களில் உயர்கிறது, சில இடங்களில் அழிந்துபோகிறது. ‘ஸ’வுக்கு ஊசிமுனை வருவது இங்கேதான். எனவே பேஸில் கோளாறு என்றால் கசிவையும் பின்பக்கத் துளைகளையும் பார்க்க வேண்டும்; சீறலில் கோளாறு என்றால் காதைச் சுற்றியுள்ள சுவர்களைப் பார்க்க வேண்டும். பாதி வைத்தியம் இதற்குள் அடக்கம்.

ரவையும் டேப்பும்

இந்தக் கணக்கைப் போடாமல் நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. ‘கும்’ சத்தம் அதிகம் என்று டிரைவரின் முதுகிலிருந்த சின்னத் துளைகள் எல்லாவற்றையும் செல்லோடேப் போட்டு அடைத்தேன். கேட்டுப் பார்த்தால், பாடகி பானைக்குள் தலையை விட்டுப் பாடினார். ஆழ்ந்த பேஸ் அடியோடு போய்விட்டது.

காரணம் எளிது. துளைகளை அடைத்ததும் சவ்வின் பின்னால் சிக்கிய கொஞ்சம் காற்று விறைப்பான ஸ்பிரிங் ஆகிவிட்டது. ஸ்பிரிங் விறைத்தால் சவ்வின் இயல்பான அதிர்வெண் மேலே ஏறும். அதற்குக் கீழே உள்ள ஒலி மெலியும். துளைகளை முழுக்கத் திறந்துவிட்டாலும் சிக்கல்தான். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளிவிட்டதுபோல், சவ்வு தன் இயல்பான அதிர்வெண்ணில் அடங்காமல் ஆடும். பல ஹெட்போன்களில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் தெரியும் வீக்கம் இந்த ஆட்டத்தின் தடயம். தேவைப்படுவது ஊஞ்சலின் காலைத் தரையில் லேசாக உரசவிடுவது போன்ற தடை. துளைகளின் மேல் தொழிற்சாலையிலேயே மெல்லிய காகிதமோ துணியோ ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மிருதங்கக்காரர் வந்தார். மேசையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆபரேஷனா?"

விவரம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கச்சேரிக்கு முன்னால தொப்பியில ரவையைப் பிசைஞ்சு வைக்கிறோமே, அதுதானே இது? கொஞ்சம் கூடினா சத்தம் செத்துப்போகும். குறைஞ்சா தகரம் மாதிரி கத்தும். அடிச்சு அடிச்சுப் பார்த்துதான் வைக்கணும்."

அவர் சொன்னதில் பாதி சரி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எடை ஏற்றுவது தோலின் மேலேயே. வலப்பக்கமான வலந்தலையின் கறுப்புக் கரணை ஏன் அத்தனை சுருதி சுத்தமான நாதத்தைத் தருகிறது என்று சி.வி. ராமனே ஆராய்ந்திருக்கிறார். சாதாரணத் தோல்வாத்தியத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் மேல்சுரங்கள், கரணையின் எடையால் வரிசையாக இசைவு பெறுகின்றன என்று 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-ல் விரிவாகவும் எழுதினார். ஹெட்போனின் சவ்வில் அப்படி எதையும் வைக்க முடியாது. விரல் பட்டாலே நசுங்கிவிடும். ஆகவே இங்கே ரவையைச் சவ்வில் வைக்காமல், அதைச் சுற்றியுள்ள காற்றில் வைக்கிறோம்.

‘அடித்து அடித்துப் பார்த்து’ என்றாரே, அது முழுக்கச் சரி. செல்லோடேப்பைப் பிய்த்தேன். காற்று ஊடுருவும் மைக்ரோபோர் டேப்பை ஒரு துளையில் ஒட்டினேன், கேட்டேன். அடுத்த துளையில் ஒட்டினேன், கேட்டேன். நான்கில் மூன்றை மூடியபோது வீக்கம் வடிந்தது; மிருதங்கத் தொப்பியில் வழுக்கி எழும் ‘கும்கி’ நாதம் தனியாகக் கேட்டது.

ஊசியை முறித்த கதை

இனி ‘ஸ’. இதற்கு நல்ல உதாரணம் சென்ஹைசரின் ஹெச்டி 800. 2009-ல் வந்த இந்த உயர்தர ஹெட்போனின் டிரைவர், 56 மில்லிமீட்டர் அகலத்தில் வளைய வடிவச் சவ்வு கொண்டது. விசாலமான ஒலிக்குப் பேர் போனது. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்முனை. விலை கொடுத்து வாங்கிய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. டிரைவரைச் சுற்றியுள்ள பளபளப்பான பரப்பில் ஃபெல்ட்டும் மெல்லிய ஃபோமும் வெட்டி ஒட்டினார்கள். மோதித் திரும்பும் அலையைத் துணி குடித்துவிட, முனை மழுங்கியது. 2016-ல் நிறுவனம் கொண்டுவந்த ஹெச்டி 800 எஸ்ஸில், அதே இடத்து அதிர்வை விழுங்க உறிஞ்சி ஒன்றை உள்ளேயே வைத்திருந்தார்கள்.

அந்த உறிஞ்சியின் தத்துவம் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் வழங்குவது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘ஊம்’ என்று ஒரே ஒரு சுரம் வருகிறதல்லவா? கழுத்திலுள்ள காற்று எடையாகவும் உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஆடுவதால் வரும் சுரம் அது. அதே பாட்டில், அதே சுரத்தை வெளியிலிருந்து வாங்கி விழுங்கவும் செய்யும். 6,000 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற குட்டிப் பாட்டில் ஒன்றைச் சவ்வருகே வைத்தால், அந்த ஒரு சுரம் மட்டும் அடங்கும். மற்றவை அப்படியே இருக்கும். துணி அவ்வளவு நுட்பம் பார்க்காது. அது மேல்சுருதிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

என் 5 ரூபாய் நாணயம் இங்கே வருகிறது. ஃபோம் மெத்தை காதை முழுக்க மூடும் ஹெட்போன்களில், அமெரிக்க ரசிகர்கள் தங்கள் கால் டாலர் நாணயத்தை வைத்து மெத்தையின் நடுவே வட்டம் வெட்டுவார்கள். ஃபோம் தின்றுகொண்டிருந்த மேல்சுருதி அந்த ஓட்டை வழியாக விடுபடும். எனக்கு வேண்டியது நேர்மாறு. கிட்டத்தட்ட அதே அளவுள்ள நம் நாணயத்தை ஃபெல்ட்டில் வைத்து உள்வட்டம் வெட்டினேன். நடுவில் ஓட்டையோடு வடை மாதிரி ஒரு வளையம் வந்தது. டிரைவரின் விளிம்பை மட்டும் மறைக்கும்படி மெத்தைக்கு அடியில் செருகினேன். பசை எதுவும் போடவில்லை. ஊசி முறிந்தது.

மெத்தை, களிமண், கம்பி

செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: புது மெத்தை. பழைய மெத்தை அமுங்கித் தட்டையானால் காது சவ்வுக்கு நெருங்கிவிடும், விளிம்பில் கசிவு கூடும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே மேல்சுருதியின் சமன் மாறும். தோல் மெத்தை காற்றைப் பிடித்துவைக்கும். வெல்வெட் மெத்தை கொஞ்சம் விட்டுவிடும், அதற்கேற்பப் பேஸும் குறையும்.

கைவேலை தொழிலாகவே மாறியதும் உண்டு. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்பி, பாதி திறந்த ஒரு ஸ்டுடியோ ஹெட்போன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அப்பி அதிர்வை அடக்குவதும், உள்ளே பஞ்சு வைப்பதும் பிரபலமான வைத்தியங்கள். அமெரிக்காவின் டேன் கிளார்க் இதைத் திருத்தி ‘மேட் டாக்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஹெட்போன் வடிவமைக்கும் நிறுவனத்தையே வளர்த்துவிட்டார்.

நான் வீணடித்த பணத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளி முலாம் பூசிய கேபிள் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஒலி துலங்கிவிட்டதாகவே தோன்றியது. பிறகு கணக்குப் போட்டேன். 300 ஓம் ஹெட்போனுக்கு 1 ஓம் தடையுள்ள கேபிளை மாட்டினால், ஒலி குறைவது 0.03 டெசிபெல். எந்தக் காதுக்கும் எட்டாத அளவு அது.

அப்படியானால் துலங்கியது என்ன? என் நம்பிக்கைதான். அதைச் சோதிக்க மகளைப் பிடித்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, அவள் பூவா தலையா போட்டு, கேபிளை மாற்றியோ மாற்றாமலோ ஹெட்போனைத் தலையில் மாட்டினாள். பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னேன். நாணயமே அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கும். ஃபெல்ட் வளையத்தை வைத்து அதே சோதனை: பத்துக்கு ஒன்பது. இரண்டில் ஒன்றின் சத்தம் சற்றுக் கூடியிருந்தாலும் அதுவே நல்லதாகத் தோன்றும் என்பதால், ஒவ்வொரு முறையும் சத்தத்தைச் சமன் செய்துகொண்டோம்.

முயல நினைப்பவர்களுக்கு, என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவை. முதலில் போனிலுள்ள ஈக்வலைசரில் ஒத்திகை பாருங்கள். 6,000 ஹெர்ட்ஸில் 4 டெசிபெல் குறைத்தால் பிடிக்கிறதா? பிடித்தால் மட்டும் ஃபெல்ட்டைத் தொடுங்கள். ஈக்வலைசரே போதுமென்று தோன்றினால் இன்னும் நல்லது. ஆனால் மெத்தைக் கசிவை அதனால் அடைக்க முடியாது. பிரிக்குமுன் படம் எடுத்து வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். சவ்வு கிழிந்தால் கதை முடிந்தது. அடுத்தவரின் செய்முறை உங்களுக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம். காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல்; 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் அதுவே ஒரு சுரத்தைத் தூக்கிக் கொடுக்கும். அந்தக் குழலும் காதுமடலும் ஆளுக்கு ஆள் வேறு.

வேலை முடிந்த மாலை, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். தனி ஆவர்த்தனம் முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"உன் மெஷின் நல்லா இருக்கு தம்பி. ஆனா அவர் அன்னிக்கு ரவை கொஞ்சம் கம்மியா வச்சிருக்காரு."