ரெசினில் பதித்த கல்யாணப் பட்டு மஞ்சளாகுமா? ஆரணி வெயிலும் எபாக்சியும்!

கல்யாண மாலையைக் காயவைத்து, ரெசினில் பதித்து, ஷோகேஸில் வைக்கும் பழக்கம் பெரிய நகரங்களைத் தாண்டிச் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டது. அட்சதை, குழந்தையின் முதல் முடி, தாத்தாவின் பேனா... எதை வேண்டுமானாலும் அந்தக் கண்ணாடிக் கட்டிக்குள் வைக்கிறார்கள். கல்யாணப் பட்டின் ஒரு துண்டும் அந்த வரிசையில் சேரும்போது, ஆரணி போன்ற ஊருக்கு இது சொந்த விஷயமாகிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு.

சில ஆயிரங்கள் கொடுத்துச் செய்த நினைவுப் பொருள், கொஞ்ச நாளில் விளக்கெண்ணெய் நிறத்துக்கு மாறிவிட்டால்? ரெசின் வாங்கியவர்கள் பலரும் சொல்லும் புகார் இதுதான். ஆழம் வரை மஞ்சளாகிவிட்டால் பழைய நிறத்துக்குத் திருப்ப வழி கிடையாது. பட்டை உள்ளேயிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது. அதனால், ஆர்டர் கொடுக்கும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

எம்-சீலின் பங்காளி

எபாக்சி ஒன்றும் புது ஆள் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டுகிறோமே, அந்த எம்-சீலும் எபாக்சிதான். உடைந்த பொருளை ஒட்டும் அரால்டைட்டும் அதே குடும்பம். ஒரு டப்பாவில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டும் கலந்ததும் சூடாகி, இறுகி, கல்லாகிவிடும்.

பெரும்பாலான எபாக்சியின் அடிப்படை பிஸ்பீனால்-ஏ என்கிற வேதிப்பொருள். அதிலுள்ள பென்சீன் வளையங்கள்தான் எபாக்சிக்கு உறுதியைக் கொடுக்கின்றன. பிரச்னையும் அங்கேதான். வெயிலில் வரும் புற ஊதாக் கதிரை அவை உறிஞ்சுகின்றன. அந்த ஆற்றலில் பிணைப்புகள் உடைய, காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து, மஞ்சள் நிறம் காட்டும் புதிய சேர்மங்கள் உருவாகின்றன. வெயிலிலேயே கிடந்தால் பளபளப்பும் போய், மேற்பரப்பு சுண்ணாம்பு போல மாவு உதிரத் தொடங்கும்.

ஆரணி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வேலூரின் பெயர்தான் கோடைச் செய்திகளில் அடிபடும். இங்கும் சூடு குறைவில்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு ஏறக்குறைய நேர் மேலே நிற்கிறது. புற ஊதாக் குறியீட்டில் 11-ஐத் தொட்டாலே 'மிக அபாயம்'. தமிழ்நாட்டுக் கோடையின் நண்பகலில் அது சாதாரணமாக வரும் அளவு.

பட்டுக்கும் அதே பகை

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. பட்டு இழை ஒரு புரதம். அதிலிருக்கும் டைரோசின், டிரிப்டோஃபான் என்கிற அமினோ அமிலங்களிலும் பென்சீன் வளையம் இருக்கிறது. அவையும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும், மஞ்சளாகும், இழை வலுவிழக்கும். பட்டுச்சேலையை வெயிலில் போடாதே, நிழலில் உலர்த்து என்று பாட்டிகள் சொல்வது இதனால்தான். அருங்காட்சியகங்களில் பழைய பட்டுத் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் தருகிறார்கள். ஆக, ரெசினுக்குள் போய்விட்டால் பட்டு பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே வெயில் மூடியையும் கெடுக்கும், உள்ளே இருப்பதையும் கெடுக்கும்.

வெயிலுக்கு முன்பே இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. பட்டின் மினுமினுப்பு, இழையின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியால் வருவது. காற்றில் இருக்கும்போது அது நன்றாக நடக்கிறது. எபாக்சியும் பட்டும் ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. ரெசின் இழைக்குள் ஊறியதும் ஒளி திரும்பாமல் ஊடுருவிவிடும். நனைந்த துணி போல நிறம் அடர்ந்து, துண்டு ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். ஜரிகை மட்டும் மின்னும். முந்தானையை வெட்டுவதற்கு முன், ரவிக்கைத் துணியில் மிஞ்சிய ஒரு சின்ன ஓரத்தைக் கொடுத்து மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

தொழிற்சாலைகள் என்ன செய்கின்றன?

குமரி மாவட்டம் முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலை இறக்கைகளைக் கண்ணாடி இழையும் எபாக்சி போன்ற ரெசினும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் சுழல வேண்டும் என்பதால், ரெசினை வெறுமனே விடாமல் மேலே பாலியூரித்தேன் போன்ற பூச்சு கொடுக்கிறார்கள். காரிலும் அப்படித்தான். அடியில் எபாக்சி பிரைமர், மேலே வண்ணம், அதற்கும் மேலே வெயில் தாங்கும் கிளியர் கோட்.

வீட்டு ரெசினுக்கும் இதே வழிதான். நல்ல ரெசினில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, சன் ஸ்கிரீன் போலக் கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும். மற்றது ஹெச்.ஏ.எல்.எஸ், வெயிலில் உடைந்து கிளம்பும் துகள்களைப் பிடித்து, சேதம் பரவாமல் தடுக்கும். இவை மஞ்சளாவதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. 'மஞ்சளே ஆகாது' என்று எழுதியிருந்தால் அது விளம்பரம், அவ்வளவுதான். செய்து தருபவரிடம் இந்த இரண்டும் ரெசினில் உண்டா, மேலே அலிபாட்டிக் பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

கடையில் குழப்பும் பெயர் ஒன்று இருக்கிறது: 'யூவி ரெசின்'. இது புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரெசின் அல்ல. புற ஊதா விளக்கைக் காட்டினால் இறுகும் வேறு வகை ரெசின், பெரும்பாலும் அக்ரிலேட். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நீங்களே செய்வதானால் அளவு முக்கியம். ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் சீக்கிரம் நிறம் மாறும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

எங்கே வைப்பது?

ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். கண்ணாடி தடுக்காதா என்று கேட்கலாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும்; 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். ஃபிரேம் போடுவதாக இருந்தால் புற ஊதா வடிகட்டி உள்ள அக்ரிலிக் தகடு மேல். விளக்கு வேண்டுமென்றால் எல்.இ.டி போதும், அதில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. சூடும் மஞ்சளாக்கும் என்பதால் கேஸ் அடுப்புப் பக்கமும் ஓட்டுக்கூரைக்கு அடியிலும் வேண்டாம்.

வாங்கிய ரெசின் எப்படிப்பட்டது என்று சந்தேகமா? ஒரு கரண்டி அளவு வார்த்து, இறுகியதும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மே மாதம் முழுக்க மொட்டைமாடியில் வையுங்கள். தாளைப் பிரித்தால் இரண்டு பாதிகளும் தாமே பேசும். துணிச் சாயம் வெளுக்குமா என்று ஆய்வுக்கூடங்களில் பார்ப்பதும் இதே முறைதான்; பாதியை மூடி, பாதியை ஒளியில் காட்டுவார்கள்.

ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டதா? முகக்கவசம் போட்டுக்கொண்டு, பின்பக்கத்து ஓரத்தில் நைசான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு மெல்லத் தேயுங்கள். கீழே தெளிவாக இருந்தால் மேல்தோல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. செய்து தந்தவரிடமே கொடுத்து, தேய்த்து, புதிதாக ஓர் அடுக்கு ஊற்றி, மேலே பூச்சும் போடச் சொல்லலாம். ஆழம் வரை மஞ்சள் என்றால் தேய்த்துப் பயனில்லை. அதை வெளிச்சம் குறைந்த அலமாரிக்கு மாற்றுங்கள். புடவையின் மீதி பீரோவில் மஸ்லின் துணி சுற்றி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.