பறப்பவர் யார்? பாரம் சுமப்பவர் யார்?

எண்ணெய் தீர்ந்துவிடும், விமானங்கள் முடங்கிக் கிடக்கும் என்கிறார் ஒருவர். தோண்டத் தோண்ட ஊறும், விமானங்கள் பெருகும் என்கிறார் மற்றொருவர். நெடுநாளாக நடக்கும் இந்தப் பட்டிமன்றத்திலே நாம் கேட்க விரும்புவது மூன்றாவது கேள்வி. இருக்கிற எண்ணெயை எரிப்பவர் யார்? அதன் பாரத்தைச் சுமப்பவர் யார்?

1956-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்திலே எண்ணெய்த் தொழிலார் கூடிய அவை. ஷெல் கம்பெனியில் பணியாற்றிய ஹப்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் எழுந்தார். எண்ணெய் எடுப்பு ஏறும், உச்சி தொடும், பிறகு இறங்கும். அமெரிக்காவின் உச்சி 1965-க்கும் 1970-க்கும் இடையே வரும் என்றார். நம்ப மறுத்தவர் பலர். ஆனால் 1970-லே உச்சி வந்தது. பிறகு சரிவும் வந்தது. சோதிடன் சோழி உருட்டிச் சொன்ன ஆரூடமல்ல அது. அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு!

கணக்கும் அத்துடன் நின்றுவிடவில்லை. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை வளர்ந்தது. 2018-லே அமெரிக்கா தன் பழைய உச்சியைத் தாண்டியது. ஆகவே, நாளைக்கே தீரும் என்பதும் மிகை. என்றுமே தீராது என்பதும் மயக்கம். எளிதில் ஊறுவது குறையக் குறைய, கடினமாக எடுப்பதை நம்ப வேண்டியிருக்கிறது, விலை ஊசலாடுகிறது. 2008 ஜூலையிலே பீப்பாய் 147 டாலர்! அவ்வாண்டிலே கதவடைத்த விமானக் கம்பெனிகள் பல.

ரயில் மின்சாரத்திலே ஓடுகிறது. பேருந்தும் ஓடத் தொடங்கிவிட்டது. விமானம் மட்டும் ஏன் எண்ணெயை விடவில்லை? எடைதான் காரணம். ஒரு கிலோ விமான எண்ணெயிலே உள்ள ஆற்றல், அதே எடையுள்ள பேட்டரியிலே இருப்பதைப்போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. அந்த விமான எண்ணெய் எது? ஏழையின் அடுப்பிலும் சிம்னி விளக்கிலும் எரிந்த மண்ணெண்ணெய்தான், தோழர்களே! இன்னும் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது, வேறொன்றுமில்லை.

மாற்று இருக்கிறதே என்பார்கள். பொரித்து மீந்த சமையல் எண்ணெயிலிருந்தும் விமான எண்ணெய் செய்கிறார்கள், உண்மை. 2024-லே உலகம் முழுவதும் கிடைத்த மாற்று எண்ணெய் பத்து லட்சம் டன். மொத்தத் தேவையிலே ஆயிரத்துக்கு மூன்று பங்கு! மிச்சத்துக்கு எங்கே போவது? உணவு விளையும் வயலிலா? பறப்பவன் பயணத்துக்காக உழுபவன் வயிறு காய்வதா?

பறப்பவர் எத்தனை பேர்? 2018-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்: அவ்வாண்டு விமானம் ஏறியவர் உலகிலே நூற்றுக்குப் பதினொருவர். பயணிகள் விமானப் புகையிலே பாதிக்குப் பொறுப்பு, நூற்றுக்கு ஒருவர்! அடிக்கடி பறக்கும் அந்த ஒருவர்!

வரியைப் பாருங்கள். தொழிலாளியின் இருசக்கர வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலுக்கு வரி. லாரி டீசலுக்கு வரி. 1944-லே சிகாகோவில் உருவான ஒப்பந்தமோ, நாடு கடந்து வரும் விமானத்தின் தொட்டியிலுள்ள எண்ணெய்க்குச் சுங்கம் கூடாது என்றது. பின்னர் நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அந்தச் சலுகையை மேலும் விரித்தன. தரையிலே போகிறவனுக்குத் தண்டனை, வானத்திலே போகிறவனுக்கு வரிவிலக்கு. இதுதானா நீதி?

விமானமே கூடாது என்கிறோமா? இல்லை. மனைவியின் தாலிச்சங்கிலியை அடகு வைத்து டிக்கெட் வாங்கி, வளைகுடா நாட்டுக்கு வேலை தேடிப் போகிறானே நம் தோழன், அவனும் விமானப் பயணிதான். கட்டணம் உயர்ந்தால் முதலில் அடிபடுபவனும் அவன்தான். அவன்மீது வரி போடு என்று நாம் சொல்லமாட்டோம். சொந்த விமானத்திலே சுற்றுகிறவன்மீது போடு. உயர்வகுப்பிலே உலா வருகிறவன்மீது போடு என்கிறோம். 2025-லே ஸ்பெயின் நாட்டு செவில்லே மாநாட்டிலே பிரான்சு, ஸ்பெயின், கென்யா முதலிய நாடுகள் இதற்காகத்தான் கைகோத்தன. அந்தப் பணம் ரயிலாக, பேருந்தாக ஏழைக்குத் திரும்ப வேண்டும்.

எண்ணெயின் உச்சி எந்த ஆண்டு என்பதை அறிஞர்கள் கணக்கிடட்டும். எரித்தவனே விலை கொடுக்கட்டும் என்ற குரலை நாம் எழுப்புவோம்!